இது கர்த்தர் செய்ததுதான் என்று எப்படி அறிவது?

யாங்கோனில் எந்தத் தமிழ்ச் சபைக்குப் போனாலும் சாட்சி சொல்வதைக் கேட்கலாம். ஓர் அக்கா எழுந்து, மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததைச் சொல்வார். ஓர் ஐயா, டாக்டர் கைவிரித்த காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியதைச் சொல்வார். "கர்த்தர் செய்தார்" என்று முடிப்பார்கள். சபை "அல்லேலூயா" என்னும். கத்தோலிக்கர் பக்கம் போனால் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளில் இதே நன்றி மெழுகுவத்தியாகவும் பூமாலையாகவும் வந்து நிற்கும்.

புதிதாக வருகிறவருக்கு, அதிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு, இங்கே ஒரு கேள்வி எழும். காய்ச்சல் தானாகவும் இறங்குமே? ஏஜெண்டுக்குப் பணம் கட்டினால் யாருக்கும் வேலை கிடைக்குமே? இதில் கர்த்தர் எங்கே வந்தார்? இப்படிக் கேட்கும் பிள்ளையை "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று வாயடைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேதாகமத்தில் கிதியோன் கேட்டான். முதிர்வயதில் பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னபோது சகரியா கேட்டார். சிறையில் கிடந்த யோவான் ஸ்நானன் ஆளனுப்பி, "வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்க வேண்டுமா?" என்றே கேட்டார். மூவருக்கும் பதில் கிடைத்தது. சகரியாவுக்குக் கொஞ்ச காலம் பேச்சு நின்றுபோனது உண்மைதான். ஆனாலும் பிள்ளை பிறக்காமல் போகவில்லை.

இதில் இரண்டு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, தேவனுடைய கிரியையை அடையாளம் காண்பது. மற்றொன்று, அதை ஏற்றுக்கொள்வது. முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடப்பதில்லை. லாசரு கல்லறையிலிருந்து எழுந்து வந்ததை மறுக்க முடியாமல் நின்றவர்களே, அன்றுமுதல் இயேசுவைக் கொலைசெய்ய ஆலோசனை பண்ணினார்கள் என்று யோவான் 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. கண் பார்த்தது, மனம் வாங்கவில்லை.

கிரியை என்றால் எவை

கிறிஸ்தவப் போதனையில் தேவனுடைய கிரியை என்பதற்குப் பரப்பு அதிகம். உலகத்தைப் படைத்தது ஒரு கிரியை. படைத்ததை இன்றுவரை தாங்கி நடத்துவதும் கிரியைதான். இயேசு மனிதனாகப் பிறந்து, சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் கிரியை. மற்றவற்றை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும். அப்புறம், பரிசுத்த ஆவியானவர் ஒரு மனிதனுக்குள் செய்வது: கசப்பு கரைவது, மன்னிக்க மனம் வருவது, பல வருஷக் குடியை ஒருவன் விட்டுவிடுவது. சுகமளிக்கும் அற்புதங்களும் இந்த வரிசையில் உண்டு. ஆனால் நம் சாட்சிகளில் அவை மட்டும்தான் வரிசையே என்பதுபோல் ஆகிவிட்டன.

இயேசு மலைப்பிரசங்கத்தில் கையில் எடுத்த உதாரணம் மிகச் சாதாரணமானது. நல்லவர் மேலும் கெட்டவர் மேலும் சூரியனை உதிக்கச் செய்கிறார், நீதியுள்ளவர் மேலும் அநீதியுள்ளவர் மேலும் மழை பெய்யப் பண்ணுகிறார் என்றார். ஐராவதிப் பக்கத்து நெல் வயலில் இறங்குகிற மழைக்கு, வரப்புக்கு இந்தப் பக்கம் தமிழன், அந்தப் பக்கம் பர்மாக்காரன், அதற்கப்பால் கரேன் என்ற கணக்கு இல்லை. யாருக்கும் தனியாக வராததால் அதை யாரும் சாட்சியாகச் சொல்வதில்லை. இது நம் பார்வையின் குறை.

மருத்துவம் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரையால் குணமானால் அது டாக்டர் செய்தது, மாத்திரை பலிக்காமல் குணமானால் கர்த்தர் செய்தது என்று பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிரித்தால் மருத்துவம் வளர வளர கர்த்தருக்கு வேலை குறைந்துகொண்டே போகும். கத்தோலிக்கர் வேதாகமத்தில் உள்ள சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம், மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே படைத்தார், மருந்தை நிலத்திலிருந்து தருபவரும் அவரே என்கிறது. புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. என்றாலும் இந்தக் கருத்தை மறுக்கிற போதகர் அரிது. ஆகவே "மருந்தும் ஜெபமும்" என்று நம் பாட்டிமார் ஒரே மூச்சில் சொன்னது சரியான இறையியல்தான்.

அப்படியானால் நடப்பது எல்லாமே கர்த்தர் செய்வதா? இல்லை. பாவத்தையும் கொடுமையையும் அவர் கணக்கில் எழுதக் கூடாது. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டுவீசியபின், லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் தாமு வழியாகவும் காடுமலை கடந்து நடந்தார்கள். வழியில் பசியிலும் காலராவிலும் மாண்டவர்கள் பல்லாயிரம். பர்மாத் தமிழ்க் குடும்பங்களில் அந்த நடையைப் பற்றிய கதை இல்லாத வீடு குறைவு. அந்த நடை கர்த்தருடைய கிரியை என்று நான் சொல்ல மாட்டேன். யுத்தம் மனிதர் செய்தது. அந்த வழியில் முன்பின் தெரியாத ஒருவர் குழந்தையைத் தோளில் வாங்கிக்கொண்டார் என்றால், அதைச் சொல்வேன். யோசேப்பு தன்னை விற்ற அண்ணன்மாரிடம் பேசுவதைக் கவனியுங்கள்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்பதை அவன் மழுப்பவில்லை. தீமையைத் தீமை என்று சொன்ன பிறகுதான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். இந்த வரிசை முக்கியம். நாம் பலநேரம் முதல் பாதியை விழுங்கிவிட்டு நேராக இரண்டாவதுக்குப் போய்விடுகிறோம். துக்க வீட்டில் இதைச் செய்வது கொடுமை.

முதுகுப் பக்கம்

அடையாளம் காண்பதில் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் சங்கதி: பெரும்பாலும் அது நடக்கும்போது தெரியாது, கடந்த பிறகுதான் தெரியும். யாத்திராகமம் 33-இல் மோசே, "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பியும்" என்று கேட்கிறார். முகத்தைக் காண முடியாது, கன்மலையின் வெடிப்பில் நில், நான் கடந்துபோன பின் என் பின்பக்கத்தைக் காண்பாய் என்று பதில் வருகிறது. யாக்கோபும் தூங்கி எழுந்த பிறகுதான், "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்றான். எம்மாவு ஊருக்குப் போன சீஷர் இருவர், உயிர்த்த இயேசுவோடு வழியெல்லாம் நடந்து பேசியும் அவர் யாரென்று அறியவில்லை. அப்பம் பிட்கையில் கண் திறந்தது. அந்தக் கணமே அவர் மறைந்தார். வழியில் நெஞ்சு கொழுந்துவிட்டு எரிந்ததை அதற்குப் பிறகுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த நாட்டின் சொந்தக் கதை ஒன்றில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரியும் அவர் மனைவி ஆனும் நேராகப் பர்மாவுக்கு வந்தவர்கள் அல்ல. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை இருக்கவிடவில்லை. மொரீஷியஸ் போனார்கள். அங்கிருந்து 1813-இல் சென்னைக்கு வந்தார்கள். அங்கும் வெளியேற்றப்படும் நிலை. உடனே கிடைத்த கப்பல் ரங்கூனுக்குப் போவது. வேறு வழியில்லாமல் ஏறினார்கள். நம் முன்னோர் பிற்பாடு ஆயிரம் ஆயிரமாகக் கடந்த அதே கடல். அந்தப் பயணத்தில் ஆனுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ஜூலை 13 அன்று ரங்கூனில் கரையேறியபோது, இது தேவ நடத்துதல் என்று எந்த முகத்தோடு சொல்லியிருப்பார்கள்? இரண்டு ஊர்களில் கதவு சாத்தப்பட்ட கதைதானே அது!

அதன் பிறகும் ஏறக்குறைய ஆறு வருஷம் ஒருவர்கூட விசுவாசிக்கவில்லை. 1819 ஜூன் 27 அன்று மௌங் நாவ் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்றார். அடுத்து யுத்தம். 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மா அரசருக்கும் போர் மூண்டபோது, வெள்ளைக்காரன் என்பதால் ஒற்றன் என்று சந்தேகப்பட்டு ஜட்சனை அன்றைய தலைநகர் அவாவில் சிறையில் போட்டார்கள். பர்மிய மொழியில் அவர் செய்திருந்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை ஆன் வீட்டுக்கடியில் புதைத்தார். மழையில் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்து, பிறகு அதைத் தோண்டியெடுத்து, யாரும் ஆசைப்பட முடியாதபடி கட்டாந்தரைபோல் கடினமான ஒரு தலையணைக்குள் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். சிறைக்காவலன் அதையும் பிடுங்கிக்கொண்டான். நல்ல தலையணை ஒன்றைக் கொடுத்து மாற்றி வாங்கினார்கள். 1825-இல் கைதிகளை ஔங்பின்லே என்ற ஊருக்கு இழுத்துப்போனபோது, மேல் உறையை உருவிக்கொண்டு உள்ளிருந்த பஞ்சுச் சுருளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். மௌங் இங் என்ற சீஷர், ஆசிரியரின் நினைவாக இருக்கட்டும் என்று அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. மாதங்கள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் தாள்கள் அப்படியே இருந்தன.

ஒரு காவலனின் பேராசை, ஒரு சீஷரின் பாசம், ஒரு மனைவியின் புத்தி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இயல்பான காரணம் உண்டு. வானத்திலிருந்து குரல் வரவில்லை, சங்கிலி அறுந்து விழவில்லை. முழு பர்மிய வேதாகமம் 1834 ஜனவரி 31 அன்று மொழிபெயர்த்து முடிந்தது. இன்றும் இந்த நாட்டுச் சபைகளில் அது திறக்கப்படுகிறது. 1834-இல் நின்று திரும்பிப் பார்த்தால்தான், தூக்கி எறியப்பட்ட பஞ்சுச் சுருளுக்கு அர்த்தம் கிடைக்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: நேற்று நடந்ததை இன்று சாட்சியாகச் சொல்ல அவசரப்பட வேண்டாம். கொஞ்சம் ஆறப் போடுங்கள். உண்மையாகவே கர்த்தர் செய்தது என்றால் அடுத்த வருஷமும் அவர் செய்ததாகத்தான் இருக்கும்.

சோதித்துப் பார்ப்பது

"எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். சோதிப்பது சந்தேகப் புத்தி என்று நினைக்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம். அற்புதம் நடந்தது என்பது மட்டும் போதாது. எகிப்தில் ஆரோனின் கோல் பாம்பானபோது, பார்வோனின் மந்திரவாதிகளும் அதையே செய்து காட்டினார்கள். உபாகமம் 13 இன்னும் கண்டிப்பு: ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தே விட்டாலும், அவன் உன்னை வேறு தெய்வங்களிடம் இழுத்தால் கேட்காதே என்கிறது. ஆக, நடந்ததா என்பதோடு, அது யாரிடம் கொண்டுபோய் விடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை கனிதான். "அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்" என்றார் இயேசு. அந்தக் காரியம் நடந்தபின் அந்த மனிதரிடம் அன்பு கூடியதா, தாழ்மை வந்ததா, கடனைத் திருப்பிக் கொடுத்தாரா? இல்லை, தன் பெயர் போட்ட பேனர் பெரிதாகிக்கொண்டே போகிறதா? லீஸ்திரா ஊரில் பவுலும் பர்னபாவும் ஒரு சப்பாணியை நடக்கவைத்தபோது, ஜனங்கள் அவர்களைத் தெய்வமென்று சொல்லி மாலையும் எருதுமாக வந்துவிட்டார்கள். இருவரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, நாங்களும் உங்களைப்போல மனுஷர்தான் என்று கத்தினார்கள். இன்றைக்கு யூடியூபில் சுகமளிக்கும் ஊழியம் செய்கிற எத்தனை பேர் அந்த மாலையை மறுப்பார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

காலமும் ஒரு சோதனை. யூத ஆலோசனைச் சங்கத்தில் கமாலியேல் சொன்னது அதுதான்: இது மனுஷரால் உண்டானது என்றால் ஒழிந்துபோகும், தேவனால் உண்டானது என்றால் உங்களால் ஒழிக்க முடியாது. சபையும் ஒரு சோதனை. தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்பது கொரிந்தியருக்குச் சொன்ன ஒழுங்கு. தனியறையில் எனக்கு மட்டும் கேட்ட குரலை, என்னைத் தெரிந்த, என்னோடு ஒத்துப்போகாத ஒரு மூத்தவரிடம் சொல்லிப் பார்ப்பது நல்லது.

கத்தோலிக்கத் திருச்சபை இதில் காட்டும் நிதானத்தை மற்றவர்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். பிரான்சில் லூர்து மாதா திருத்தலத்தில் குணமானதாகப் பதிவானவை 7,000-க்கும் மேல். அவற்றில் திருச்சபை அற்புதம் என்று முறைப்படி ஏற்றது 70 சொச்சம் மட்டுமே. அதற்கென்று மருத்துவ அலுவலகம் இருக்கிறது. நோய் நிச்சயமாக இருந்ததா, சட்டென்று முழுமையாகக் குணமானதா, நோய் திரும்பி வந்ததா என்று வருஷக்கணக்கில் பார்ப்பார்கள். மீதி ஆயிரக்கணக்கானவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் நன்றி சொல்லட்டும். ஊரறிய அற்புதம் என்று முத்திரை குத்த மட்டும் அவசரம் வேண்டாம் என்பதே அந்த ஏற்பாடு.

இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் கண்டறிந்த ஒரு வழியும் உண்டு. 1521-இல் பாம்ப்லோனா கோட்டையில் குண்டடிபட்டுப் படுத்துக் கிடந்த படைவீரர் அவர். வீரதீரக் கனவுகளில் மூழ்கும்போது இன்பமாக இருந்தது, முடிந்தபின் மனம் வறண்டது. புனிதர்களைப்போல் வாழ்வதை நினைக்கும்போதும் இன்பமாக இருந்தது, முடிந்தபின்னும் அது தங்கியது. எண்ணம் வரும்போது இருக்கும் சுவையைவிட, அது போனபின் மிஞ்சுவதைக் கவனித்தார் அவர்.

சீலோவாம் கோபுரம்

இனி, நம் சாட்சி நேரங்களில் நான் நெளிந்து உட்காரும் இடத்துக்கு வருகிறேன்.

2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தில் கரையேறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,30,000-க்கும் மேல். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை நண்பகலில், சகாயிங், மாண்டலே பகுதியில் 7.7 அளவு நிலநடுக்கம். 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது ரமலான் மாதம். ஜும்ஆ தொழுகையில் இருந்தவர்கள் மேல் பள்ளிவாசல்கள் விழுந்தன. பௌத்த மடங்கள் விழுந்தன, பகோடாக்கள் சரிந்தன, கிறிஸ்தவ ஆலயங்களும் தப்பவில்லை. இவற்றுக்குப் பிறகு ஒருவர் எழுந்து, "என் தெருவில் எல்லா வீடும் விழுந்தது, என் வீடு மட்டும் நின்றது, நான் ஜெபித்தேன், கர்த்தர் காத்தார்" என்றால் என்ன செய்வது?

அவர் நன்றி சொல்வது சரி. உயிர் தப்பியவன் நன்றி சொல்லாமல் வேறென்ன சொல்வான்? ஆனால் அந்த வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: பக்கத்து வீட்டுக்காரருக்காக அவர் எதுவும் செய்யவில்லை, அல்லது அந்த வீட்டில் ஜெபம் போதவில்லை. இதைத்தான் இயேசு மறுத்தார். லூக்கா 13-இல், சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததைப் பற்றி அவரே பேச்செடுத்து, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்கிறார். ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. கேட்கிறவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று திருப்பிவிடுகிறார். விளக்கம் எதிர்பார்த்துப் போனவனுக்கு இது ஏமாற்றம்தான். ஆனாலும் இறந்தவர் தலையில் பழி போடும் வழியை அந்தப் பதில் அடைத்துவிடுகிறது.

ஆகவே நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: "எனக்குக் கிடைத்தது" என்று சொல்லுங்கள், "அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை" என்பதற்குக் காரணம் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கு நம்மிடம் தரப்படவில்லை. வீடு நின்றவர் அடுத்த வீட்டாரை உள்ளே அழைத்துச் சோறு போட்டாரா என்று பாருங்கள். போட்டிருந்தால் அவர் வீடு நின்றதற்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

ஏற்றுக்கொள்வது

"உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார். கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுநரம்பு இது. இரட்சிப்பு கிருபையால் வருகிறது. நாம் சம்பாதித்த கூலி இல்லை. நம் ஊரில் புண்ணியம் செய்தால் பலன் என்ற எண்ணம் எல்லா மதத்தாரிடமும் ஊறியிருக்கிறது. தானம் செய்து புண்ணியம் சேர்ப்பது பௌத்தர்கள் பெரும்பான்மையாக உள்ள இந்த நாட்டில் அன்றாடக் காட்சி, அழகான காட்சியும்கூட. நாமும் அதே கண்ணோடு சபைக்கு வந்து, உபவாசம் இருந்தேன், காணிக்கை போட்டேன், ஆகவே கர்த்தர் செய்தார் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். அப்போது அது பெற்றுக்கொண்டதாக இல்லை, விலைக்கு வாங்கியதாக ஆகிவிடுகிறது.

சும்மா வாங்கிக்கொள்வது கடினம். சீரியாவின் படைத்தலைவன் நாகமானுக்கு அதுதான் இடித்தது. குஷ்டம் நீங்க யோர்தானில் ஏழுதரம் முழுகு என்று எலிசா ஆள் மூலம் சொல்லியனுப்பியதும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தீர்க்கதரிசி வெளியே வந்து, நின்று, கையசைத்து, பெரிதாக ஏதாவது செய்வார் என்று நினைத்திருந்தான். வேலைக்காரர்கள்தான் அவனை வழிக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய காரியம் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்தச் சின்னதைச் செய்யக் கூடாதா என்று கேட்டார்கள். அந்த வேலைக்காரர்களின் பெயர் வேதாகமத்தில் இல்லை. எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்தவர்கள் அவர்கள்.

யார் கையால் வருகிறது என்பதும் நம்மைத் தடுக்கும். நர்கிஸ் சமயத்தில் வீடிழந்தவர்கள் அதிகம் ஒதுங்கியது பௌத்த மடங்களில். யார் என்ன மதம் என்று கேட்காமல் பிக்குகள் இடமும் சோறும் கொடுத்தார்கள். அந்தச் சோற்றைத் தின்ற கிறிஸ்தவர் அதைத் தேவனுடைய கிரியை என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். சிறைப்பட்ட யூதர்களை விடுதலை செய்த பாரசீக ராஜா கோரேசை, ஏசாயா 45-ஆம் அதிகாரம் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர் என்றே அழைக்கிறது. "நீ என்னை அறியாதிருந்தும்" என்று கூடவே சொல்கிறது. குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு உதவ வந்தவன் சமாரியன். அடிபட்டுக் கிடந்தவன் அவன் சாதியைக் கேட்டிருந்தால் அங்கேயே செத்திருப்பான். அதே சமயம், சோறு போட்ட பிக்குவை "கர்த்தருடைய கருவி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவருக்கு ஒரு கும்பிடு போடாமல் வருவது மரியாதை இல்லை. கர்த்தருக்கு நன்றி சொன்னால் மனிதருக்கு நன்றி குறைந்துவிடாது.

பெற்றதைப் பூட்டிவைக்கவும் முடியாது. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது. பத்துக் குஷ்டரோகிகளும் குணமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேரின் சுகம் பிடுங்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுத்ததை அவர் திரும்ப வாங்கவில்லை. ஆனால் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்ற வார்த்தை திரும்பி வந்தவனுக்குத்தான் கிடைத்தது.

ஒன்றும் கிடைக்காதபோது? பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் மட்டும் வந்தது. மேலே பெருமையாகச் சொன்ன ஜட்சனும் இதற்குத் தப்பவில்லை. 1826 அக்டோபரில் ஆன் இறந்தார், அடுத்த ஆண்டு கைக்குழந்தை மரியாவும். ஜட்சன் உடைந்துபோனார். மோல்மேன் அருகே காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார். தனக்கு ஒரு குழி தோண்டி அதனருகே உட்கார்ந்திருந்தார். கடவுள் தனக்கு அறியப்படாதவராகவே இருக்கிறார், நம்புகிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்ற பொருள்பட 1829-இல் எழுதினார். அவர் அந்த இருளில் இருந்த அதே காலத்தில், தெற்கே தவாயில், 1828 மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற கோ தா பியூ என்ற பழைய கொள்ளைக்காரர் கரேன் கிராமங்களில் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கரேன் மக்கள் வந்தார்கள். கடன் அடிமையாக இருந்த அவருக்கு முதலில் இடம் கொடுத்தவர்களில் ஜட்சனும் ஒருவர். ஆகவே மனதில் ஒன்றும் உணராமல் இருப்பதை வைத்து, ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பழகிக்கொள்ள ஒரு சின்ன வழி சொல்கிறேன். ராத்திரி படுக்குமுன் அன்றைய நாளைக் காலையிலிருந்து ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். எங்கே நன்றி வருகிறது, எங்கே உறுத்துகிறது என்று பார்த்து, இரண்டையும் கர்த்தரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். இஞ்ஞாசியார் தன் சபையாருக்கு வைத்த பழக்கம் இது. கத்தோலிக்கர் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் நமக்கு மறதி அதிகம். யோர்தானைக் கடந்தபின் யோசுவா பன்னிரண்டு கற்களை நாட்டியதும், பிள்ளைகள் "இந்தக் கற்கள் என்ன?" என்று கேட்கும்போது சொல்வதற்காகத்தான். சாமுவேல் கல் நிறுத்தி எபெனேசர் என்று பெயரிட்டு, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்றார். இம்மட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார் பாருங்கள், நாளைக்கு இன்னது செய்வார் என்று வாக்குக் கொடுக்கவில்லை. நம் சாட்சிகளுக்கும் அந்த அளவு போதும்.

வேதாகமத்தில் இதை எங்கே படிக்கத் தொடங்குவது என்று கேட்டால், யோவான் 9-ஆம் அதிகாரத்தைச் சொல்வேன். பிறவிக் குருடன் ஒருவனுக்குப் பார்வை வருகிறது. அக்கம்பக்கத்தார் கேட்கும்போது, "இயேசு என்னப்பட்ட ஒருவர்" செய்தார் என்கிறான். அவர் எங்கே என்றால் தெரியாது என்கிறான். பரிசேயர் விசாரிக்கும்போது தீர்க்கதரிசி என்கிறான். இன்னும் நெருக்கும்போது, தேவனிடத்திலிருந்து வந்திராவிட்டால் இப்படிச் செய்ய முடியாதே என்று அவர்களுக்கே பாடம் நடத்துகிறான். ஜெப ஆலயத்துக்குப் புறம்பே தள்ளப்பட்ட பிறகு, கடைசியில்தான் "ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்" என்று பணிந்துகொள்கிறான். பார்வை கிடைத்தது முதல் வசனங்களில். யார் கொடுத்தது என்று தெரிந்து ஏற்றுக்கொள்ள அதிகாரம் முடிய வேண்டியிருந்தது. நடுவில் அவன் பெற்றோர் பயந்து, அவனையே கேளுங்கள், வயதுள்ளவனாயிருக்கிறான் என்று நழுவும் இடம் சிரிப்பாகவும் இருக்கும், சங்கடமாகவும் இருக்கும். மொத்தம் 41 வசனங்கள்தான், கரண்ட் இருக்கும்போதே படித்து முடித்துவிடலாம்.